எந்திரங்களின் இரட்டைக்கிளவி



இரட்டைக்கிளவி கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் எனக்கு ஒரு மனக்குறை எழும். ‘சலசல’ என்றால் ஓடை, ‘மடமட’ என்றால் நீர் அருந்துதல், ‘கலகல’ என்றால் சிரிப்பு என்று மாணவர்கள் மனனம் செய்து ஒப்புவிக்கின்றனர். அடுக்குமாடியில் வாழும் பிள்ளை ஓடையின் சலசலப்பை எங்கே கேட்டது? ஆனால், அதே பிள்ளையின் வீட்டில் நாள் முழுவதும் ஏதேனும் ஓர் எந்திரம் பேசிக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பேச்சைச் சொல்லத் தமிழில் எத்தனையோ சொற்கள் உண்டு. அவற்றை நாம் தேர்வுத் தாளில் கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு மட்டுமே வைத்திருக்கிறோம்.

பழுதுபார்ப்பவரை ஒருமுறை அழைத்துப் பாருங்கள். அவர் முதலில் கேட்பது, “புஞி மாச்சாம் மானா?” ஒலி எப்படி இருக்கிறது என்பதுதான் அது. நம்மில் பெரும்பாலோர் சொல்லும் விடை, “ஏதோ சத்தம் வருகிறது” என்பதாகும். மருத்துவரிடம் போய், “எங்கேயோ வலிக்கிறது” என்று சொல்லிவிட்டு அமர்ந்திருப்பதைப் போன்றது அது.

2023ஆம் ஆண்டு தீபாவளி விடுமுறையில் அம்மாவின் வீட்டில் தங்கியிருந்தேன். இரண்டு மூன்று நாளாகப் பால் திரிந்து போகிறது என்று அம்மா சொன்னார். குளிர்சாதனப் பெட்டியை அவர் இன்னமும் ‘ஐஸ் பெட்டி’ என்றுதான் சொல்வார். “ஐஸ் பெட்டி நல்லாத்தானேப்பா இருக்கு, வெளக்கு எரியுதே” என்றார். விளக்கு எரிந்தது உண்மைதான். ஆனால் பின்புறம் காது கொடுத்துக் கேட்டபோது, ‘ம்ம்ம்’ என்றொரு முனகல், சில நொடிகளில் ‘டக்’ என்றோர் ஒலி, பிறகு அமைதி. சில நிமிடங்கள் கழித்து மீண்டும் அதே முனகல், அதே ‘டக்’. எழுபத்தெட்டு வயதில் அம்மாவின் செவிக்கு அந்தச் சிற்றொலி எட்டவில்லை. முதுமையில் செவி முதலில் கைவிடுவது உயர்ந்த சுருதி ஒலிகளைத்தான்.

அந்த ‘டக்’கின் பொருள் இதுதான். குளிர்பெட்டியின் இதயம் போன்றது அதன் அழுத்தி. நாம் ‘கம்ப்ரசர்’ என்று சொல்லிப் பழகியது. அது சுழலத் தொடங்கும் கணத்தில் கூடுதல் மின்னோட்டம் தந்து தள்ளிவிட ஒரு சிறு பாகம் உண்டு. கடைக்காரர்கள் ‘ரிலே’ என்பர். ரிலே கெட்டுவிட்டால் அழுத்தி சுழல முடியாமல் முனகும், மின்னோட்டம் ஏறும், சூடாகும். அது எரிந்துபோகாமல் காக்க அருகிலிருக்கும் பாதுகாப்பு விசை ‘டக்’கென்று மின்னைத் துண்டிக்கும். ஆறியதும் விசை தானே மீளும்; அழுத்தி மறுபடியும் முயலும். இப்படியே இரவு பகலாக நடந்துகொண்டிருக்க, உள்ளே குளிர் மட்டும் இல்லை.

பால் கெட்டது பெரிதன்று. அந்தப் பெட்டியின் நடுத்தட்டில் அம்மாவின் இன்சுலின் இருந்தது. திறக்கப்படாத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டாலும் பயனில்லை, அதனால்தான் அதனை உறைபெட்டியில் வைக்கக்கூடாது. பெட்டி எத்தனை நாளாக இப்படி ‘டக்’ போட்டுக்கொண்டிருந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. அன்று மாலையே நான்கு ஊசிப்பேனாக்களையும் எடுத்துக்கொண்டு மருந்தாளரிடம் சென்றோம். நாள் கணக்கும் வெப்பமும் தெரியாத நிலையில் அவற்றை விலக்கிவிட்டுப் புதியவற்றைத் தந்தார். அவை இரண்டு நாள் அண்டை வீட்டுச் சீன அம்மையாரின் குளிர்பெட்டியில் குடியிருந்தன.

பழுதுபார்ப்பவரிடம் தொலைபேசியில் முனகல், ‘டக்’, இடைவெளி மூன்றையும் வரிசையாகச் சொன்னேன். வரும்போதே ரிலேயைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். பழையதைக் கழற்றி என் காதருகே குலுக்கினார். உள்ளே உடைந்த பீங்கான் வில்லை ‘கலகல’ என்றது. நல்லதைக் குலுக்கினால் இப்படி ஒலிக்காதாம். பாகத்தின் விலை 20 வெள்ளிக்குள்தான். (‘கலகல’ என்பதற்குச் சிரிப்பைத் தவிர வேறோர் எடுத்துக்காட்டு கிடைத்ததில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி.)

மருந்து அதிகாரத்தில் வள்ளுவர் நோயை அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, அதன்பின் தணிக்கும் வழியைத் தேடச் சொல்கிறார். பலர் மூன்றாவதிலிருந்து தொடங்கித் தட்டிப் பார்க்கின்றனர். நான் பொறியாளன் அல்லன். ஆனால் கேட்பதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை. ஒலி எப்பொழுது வருகிறது, வேகம் மாறும்போது மாறுகிறதா, எவ்விடத்திலிருந்து எழுகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது.

மின்விசிறியை எடுத்துக்கொள்வோம். மெதுவாகச் சுழலும்போது மட்டும் ரீங்காரம் கேட்டு, முழு வேகத்தில் மறைந்துவிட்டால் குற்றம் பெரும்பாலும் சுவரிலுள்ள வேகக் கட்டுப்பாட்டு விசையைச் சார்ந்தது, அச்சப்பட ஒன்றுமில்லை. ‘கறகற’ என்றால் குண்டுமணித் தாங்கி தேய்ந்திருக்கிறது. ஒரு சுற்றுக்கு ஒருமுறை ‘டக்’ என்றால் ஏதோ ஒன்று தளர்ந்திருக்கிறது. இந்த மூன்றாவதை அலட்சியப்படுத்தாதீர்கள்.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஆண்டு 5 மாணவர்களுக்கு, வீட்டிலுள்ள எந்திரங்களின் ஒலிகளைக் கேட்டு எழுதிவருமாறு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். கட்டுரையில் எப்போதும் ஐந்து வரியைத் தாண்டாத மாணவன் ஒருவன் இப்படி எழுதியிருந்தான்: ‘எங்கள் வீட்டு விசிறி இரண்டாம் எண்ணில் டக்... டக்... என்கிறது. ஐந்தாம் எண்ணில் டகடக என்கிறது. அப்போது மேலே உள்ள கிண்ணமும் ஆடுகிறது.’ அடுக்குத்தொடருக்கும் இரட்டைக்கிளவிக்கும் உள்ள வேறுபாட்டைக்கூட அவன் அறியாமலே காட்டிவிட்டான். ஆனால் என் கண் நின்றது மூன்றாவது வரியில். அன்றிரவே புலனம் வழி அவன் தந்தைக்குச் செய்தி அனுப்பினேன். அவர் மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஏணி போட்டுப் பார்த்திருக்கிறார். விசிறித் தண்டை மேலே பிணைக்கும் மரையாணி தளர்ந்து, அது கழன்றுவிடாமல் பிடிக்கும் சிறு கம்பி ஊசி தேய்ந்து பாதியாகியிருந்தது. அந்த விசிறிக்கு நேர் கீழேதான் பையனின் தங்கைக்குப் பாய் விரிப்பார்களாம்.

சலவை இயந்திரம் பிழியும்போது ‘தடதட’ என்று ஆடினால் முதலில் துணியைக் கலைத்துப் போடுங்கள். ஒற்றைக் கனத்த போர்வை ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். வேகம் கூடக் கூட விமானம் கிளம்புவதுபோல் இரைச்சல் கூடினால் அது தாங்கியின் தேய்மானம், செலவுக்கு ஆயத்தமாகுங்கள். ‘கிணுகிணு’ என்றால் பெரும்பாலும் உங்கள் பிள்ளையின் சட்டைப்பையில் இருந்த சில்லறை.

எதைச் செய்தாலும் மின்செருகியைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். நுண்ணலை அடுப்பை மட்டும் திறக்கவே வேண்டாம். செருகியைக் கழற்றிய பின்னும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும். அதில் ‘படபட’வெனப் பொறி பறந்தால் நிறுத்திவிட்டு அறிந்தவரை அழைப்பதே முறை. திறன்பேசியில் ஒலியைப் பதிவு செய்து அனுப்பினால் அவருக்கும் நன்மை.

எல்லா ‘டக்’கும் நோயன்று. சோற்றுப் பானையின் அடியில் ஒரு காந்தம் இருக்கிறது. நீர் இருக்கும்வரை பானை 100 பாகையைத் தாண்டாது. நீர் வற்றியதும் வெப்பம் சற்றே ஏறும். காந்தப் பிடி நழுவும். விசை ‘டக்’கென்று எழும். வகுப்பில் இதை விளக்கியபோது, அது ‘டக்’ இல்லை ஐயா, ‘டொக்’ என்றான் அந்த மாணவன். மறுநாள் ஏழு பேர் தத்தம் வீட்டில் கேட்டுவந்தார்கள். நால்வர் ‘டொக்’, மூவர் ‘டக்’.