புல்லின்மேற் கிடக்கும் பந்து

1889 இல் தொடங்கிய நுவரெலியா கோல்ப் மைதானத்திலே என் தந்தையார் பிறருடைய கோற்பைகளைச் சுமந்தவர். நான் அங்கு ஆடுபவன். தொழிலாக அன்று, விருப்பினால்.

இவ்வாட்டத்திற் கடினமானது, புற்றரையிற் கிடக்கும் பந்தை 'வூட்' என்னும் நெடுங்கோலால் அடிப்பதே. (பெயர்தான் வூட், 1980களிலேயே மரத்தலையின் இடத்தை உலோகம் பிடித்துவிட்டது.) முதலடியிற் பந்தைத் தாங்க முளையுண்டு, இங்கோ இல்லை. ஆகவே பந்தை அள்ளித் தூக்கக் கை அவாவுகிறது. அள்ள முனைந்தால் உடல் பின்னே சாயும்; கோல் பந்துக்கு முன்னரே மண்ணிற் படும், அன்றேல் பந்தின் உச்சியை மட்டும் சீவிச் செல்லும். மூன்றாம் இலக்கக் கோலின் முகம் ஏறத்தாழ 15 பாகை சாய்ந்தது. ஐந்தாவதன் முகம் ஏறத்தாழ 18 பாகை. பந்தை எழுப்புவது அச்சாய்வின் வேலை. பந்தை இடக் குதிகாலுக்குச் சற்று உள்ளே இருக்கவிட்டு, புல்லைப் பெருக்குவதுபோல் வீசினாற் போதும்.

புல் மெலிந்து மண் தெரியுமிடத்தில், "ஐந்தை எடு" என்பார் தந்தையார். அவர் கணிப்புப் பிழைத்து நான் கண்டதில்லை. ஒருமுறை அடித்துப் பாருங்கள் என்றால் மறுத்துவிடுவார். என் பையை அவர் சுமக்க நான் விடுவதில்லை; வெறுங்கையோடு அத்தரையில் நடக்க அவருக்கோ கூச்சம். ஆதலின் ஐந்தாம் இலக்கக் கோலை மட்டும் அவர் வைத்துக்கொள்கிறார்.