பை சுமந்தவர்

கோல்ப் என்றதும் நம்மவர் நினைவுக்கு வருவன உயர்ந்த மதிலும், வாயிற்காவலனும், உறுப்பினர் அல்லாதார் உள்ளே வரலாகாது என்னும் பலகையுமே. நானும் அப்படி எண்ணி வளர்ந்தவன்தான். மலைநகர் ஒன்றின் மன்றத்தில் என் தந்தையார் நாற்பது ஆண்டுகள், முதலில் துரைமார்களுக்கும் பின்னர் நம் நாட்டுச் செல்வர்களுக்கும், மட்டைப் பை சுமந்தார். அத்தொழிலாளரைக் 'கேடி' என்பார்கள். நம்மூரில் அச்சொல்லுக்கு வேறு பொருள் உண்டாதலால், "கிரவுண்டு வேலை" என்றே அப்பா சொல்லிக்கொள்வார்.

பிழைப்பின் நிமித்தம் ஸ்காட்லாந்திலுள்ள டண்டி நகரில் குடியேறிய பின்பு, நாற்பதாம் வயதில்தான் நான் மட்டையைக் கையில் எடுத்தேன். அங்கிருந்து டே ஆற்றைக் கடந்து தெற்கே சிறிது தூரம் சென்றால் செயின்ட் ஆண்ட்ரூஸ். புனித அந்திரேயாவின் பெயர் தாங்கிய அக்கடற்கரை ஊரைக் கோல்பின் தாயகம் என்பர். உலகப் புகழ் பெற்ற 'பழைய திடல்' உட்பட அங்குள்ள ஏழு திடல்களும் பொதுத் திடல்கள் என்று கேட்டபோது நான் நம்பவில்லை.

அந்த உரிமைக்கு நீண்ட கதை உண்டு. 1552இல் பேராயர் ஜான் ஹாமில்டன் அக்கடற்கரை நிலத்தில் முயல் வளர்க்க இசைவு பெற்றபோது, அங்கே கோல்ப் ஆடவும் கால்நடை மேய்க்கவும் ஊர்மக்களுக்கு இருந்த உரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டார். 1797இல் கடனில் மூழ்கிய நகர்மன்றம் நிலத்தைக் கைமாற்றிவிட்டது. முயல் வளர்ப்போர் கைக்கு அது போய், ஆடுவோருக்கும் அவர்களுக்கும் வழக்கு மூண்டது. 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் துணையால் நகரம் நிலத்தைத் திரும்பப் பெற்றது. 1974இல் மற்றொரு சட்டத்தால் அமைந்த அறக்கட்டளை இன்று அதைப் பேணி வருகிறது.

என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு ஏற்றது ஸ்ட்ராத்தைரம் என்னும் திடல். மணற்குழிகள் குறைவு, பார்வையாளரும் குறைவு. அங்கே சில ஆண்டுகள் பந்தையும் புல்லையும் சமமாக அடித்த பிறகு, பழைய திடலின் குலுக்கலில் பெயர் கொடுத்தேன். கட்டணம் உண்டு, வெளியூராருக்கு அது கனமானதே. ஆட்டத் திறனுக்குச் சான்றும் கேட்பார்கள். ஆனால் இன்னாருடைய மகன், இன்னாருடைய பரிந்துரை என்று எதுவும் கேட்பதில்லை. மூன்றாம் முறை பெயர் விழுந்தது. அத்திடலில் மணற்குழிகள் 112. பதினான்காவது ஆட்டத்தின் வழியிலுள்ள பெரும்பள்ளத்திற்கு 'நரகம்' என்றே பெயர். நரகத்தினின்று மீட்சி இல்லை என்று ஞானோபதேசத்தில் படித்தவன் நான். அங்கே நான்காம் அடியில் மீண்டேன்.

உடன் ஆடிய நண்பர்கள் ஒருநாள், "இந்த ஆர்வம் எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார்கள். "என் தந்தையார் ஒரு கோல்ப் மன்றத்தில் இருந்தார்" என்றேன். உறுப்பினர் என்று அவர்கள் எண்ணிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

2018ஆம் ஆண்டு கோடையில் அப்பா எங்களிடம் வந்தார். வயது எழுபத்து நான்கு. ஞாயிறு பூசை முடிந்து அவரைப் பழைய திடலுக்கு அழைத்துச் சென்றேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் அங்கே ஆட்டம் இல்லை. நிலத்துக்கு ஓய்வு, ஊராருக்கு அது பூங்கா. குழந்தைகளும் நாய்களும் புல்வெளியில் ஓடிக்கொண்டிருந்தன. அப்பா முதலில் ஓரமாகவே நடந்தார். "நடுவில் வரலாம் அப்பா" என்றேன். காலணியைத் துடைத்துக்கொண்டு வந்தார்! சிற்றோடையின் மேலுள்ள பழைய கற்பாலத்தில் நின்று, "தோளில் பை இல்லாமல் நடந்தால் என்னவோபோல் இருக்கிறதடா" என்றார். இளமையில் ஒருநாள், ஆள் இல்லாத வேளையில் துரையின் மட்டையை ஒருமுறை வீசிப் பார்த்ததற்காக ஒரு வாரக் கூலியை இழந்த செய்தியையும் அன்றுதான் சொன்னார். அதன்பின் அவர் மட்டையைத் தொட்டதே இல்லை.

மறுநாள் 'இமயமலை' என்று வேடிக்கையாக அழைக்கப்படும் திடலுக்குச் சென்றோம். பந்தை உருட்டி மட்டுமே ஆடும் மேடுபள்ளமான புல்தரை அது. 1867இல் தோன்றிய மகளிர் சங்கத்தினுடையது. சிறு கட்டணம் செலுத்தினால் யாரும் ஆடலாம். அப்பாவின் கையில் மட்டையைக் கொடுத்தேன். பிடி சற்றும் பிசகவில்லை. எங்களுக்கு முன்னே தனியாக ஆடிக்கொண்டிருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்று, "உங்கள் தந்தை நெடுநாள் ஆடியவரோ?" என்று கேட்டார்.

"என்னடா கேட்கிறார்?" என்றார் அப்பா.

பழைய விடை நாவின் நுனி வரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "ஆடியதே இல்லை. நாற்பது ஆண்டுகள் கேடியாக இருந்தவர்" என்றேன்.

பெரியவர் தொப்பியைக் கழற்றிவிட்டு அப்பாவின் கையைப் பற்றிக் குலுக்கினார். பிறகு தம் பந்தைச் சுட்டிக் காட்டி, எந்தப் பக்கம் அடிப்பது என்று சைகையால் கேட்டார். அப்பா குந்தி உட்கார்ந்து சரிவைப் பார்த்தார். எழுந்து, குழிக்கு இரண்டடி இடப்புறம் விரலை நீட்டினார். பந்து மேட்டில் ஏறி, வளைந்து, குழிக்குள் விழுந்தது. எஞ்சிய குழிகள் அனைத்திலும் மூவருமாகவே ஆடினோம். அப்பா இரண்டு குழிகளில் என்னை வென்றார்.

இரவு உணவின்போது அப்பா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்தப் பெரியவருக்கு வலக்கை கொஞ்சம் முந்துகிறது. நாளைக்குப் பார்த்தால் சொல்லிவிடு" என்றார்.