ஏழிலைப்பாலை நிழலில்

சென்ற மாசியில் ஹவுராவிலிருந்து போல்பூருக்குக் குடும்பத்துடன் சென்று வந்தோம். எங்கள் இளைய மகன் மறைந்து ஓராண்டாகிறது. அதன்பின் நாங்கள் மேற்கொண்ட முதற் பயணம் இதுவே. இரயில்வே பாஸ் கையில் இருந்தென்ன, மனம் புறப்பட வேண்டாமா!

சாந்திநிகேதனத்தில் வங்காளிகள் 'சாத்திம்' என வழங்கும் மரம் நம் ஏழிலைப்பாலையே என்று கண்டுகொண்டவள் எங்கள் இல்லாள். "நம்மூர்க் கோயிலருகேயும் உண்டே" என்றாள். பல மாதங்களுக்குப் பின் அவளாகவே தொடங்கிய பேச்சு அது.

இரவீந்திரர் 1901இல் இங்கே பள்ளி தொடங்கினார். 1902இல் மனைவியையும், 1903இல் மகள் ரேணுகாவையும் இழந்தார். இளைய மகன் ஷமீந்திரநாத் 1907ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தோழர்களைச் சேர்த்துக்கொண்டு இங்கே பருவ விழாவொன்று நடத்தினான். அவ்வாண்டு நவம்பரிலேயே முங்கேரில் வாந்திபேதி அவனைக் கொண்டுபோயிற்று; 11 வயதும் நிரம்பவில்லை. தந்தையார் பள்ளியை மூடிவிடவில்லை. பிள்ளை தொடங்கிய விழா பின்னாளில் வசந்தோற்சவமாக வளர்ந்தது.

இதனைச் சொல்லக் கேட்ட எங்கள் மகள், "தம்பி பிறந்தநாளுக்கு இவ்வாண்டும் பாயசம் வைப்போமா, அம்மா?" என வினவினாள். இல்லாள் விடை கூறவில்லை. மகளின் தலையை வருடியவாறு நின்றாள்.

திரும்பும் வண்டி பர்த்வானைத் தாண்டியது. "பேரீச்ச வெல்லம் சந்தையில் இன்னும் கிடைக்கிறதா?" என்று எங்களை அவள் கேட்டாள்.