மணிமுடியும் மாணவனும்

கரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கல்லூரியில் நாம் கற்ற வரலாறும் நம்மோடு அவ்வழியே ஏறி வந்தது. கூடவே சிறிது செருக்கும் ஏறி வந்தது! அந்தச் செருக்கைச் சென்ற திங்கள் ஒரு சிறுவன் இறக்கிவைத்தான்.

அன்றைய பாடம், இங்கிலாந்து மன்னன் முதலாம் சார்லஸ். 1625-இல் அரியணை ஏறியவன். மன்னன் ஆண்டவனின் பேராள். கணக்குக் கேட்க மக்கள் யார்? இதுவே அவன் கொள்கை. அவன் கை பட்டால் கண்டமாலை நோய் தீருமென நம்பினர் மக்கள். தொட்டுத் தீர்க்கும் கை, வரிக்காகவும் நீண்டது! 1629-இல் நாடாளுமன்றத்தைக் கலைத்தான். 11 ஆண்டுகள் அதைக் கூட்டாமலே ஆண்டான். கடற்கரை ஊர்கள் தந்துவந்த கப்பல் வரியை, 1635-இல் கடலையே காணாத ஊர்கள் மீதும் சுமத்தினான். ஜான் ஹாம்டன் தர மறுத்தார். 12 நீதிபதிகளில் 7 பேர் மன்னன் பக்கம். 5 பேர் எதிர்ப்பக்கம். வழக்கில் வென்றான் மன்னன், நாட்டை இழந்தான். 1642-இல் உள்நாட்டுப் போர். 1649 ஜனவரி 30, வெட்டுமேடை. குளிரில் உடல் நடுங்கினால் அச்சமென்பார்களே என்று, இரண்டு சட்டை அணிந்து வந்தான் ஆண்டவனின் பேராள்!

"ஐயா, நம் ஓரியையும் காரி கொன்றானே. அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்றான் சிறுவன்.

"பாடத்தில் இல்லாததைக் கேட்காதே. சொன்னதை எழுது" என்றோம். தலை குனிந்து எழுதினான்.

அன்றிரவு உறக்கமில்லை. கேள்வி கேட்ட மன்றத்தைக் கலைத்த மன்னனை ஏளனம் செய்த நாம், கேள்வி கேட்ட வாயை மூடினோமே! முடி இல்லை, செங்கோல் இல்லை; கையில் ஒரு சுண்ணக்கட்டி. அதற்கே இவ்வளவு ஆணவமா?

மறுநாள் வகுப்பின் முன் நின்று, "நேற்று நாம் செய்தது தவறு" என்றோம். பிறகு விடை சொன்னோம். வன்பரணர் பாடிய வில்லாளி, வள்ளல் ஓரி. அவனைக் கொன்ற காரி, கொல்லிமலையைச் சேரனுக்குக் கொடுத்தான். மலை கைமாறியது, ஆள்பவன் மாறினான், ஆளும் முறை மாறவில்லை. இங்கிலாந்திலோ, சட்டத்திற்கு மன்னன் மேலா கீழா என்ற கேள்வியே அவனைக் கூண்டில் ஏற்றியது. அந்த வழக்குமன்றமும் மாசற்றதன்று. ஒவ்வாத உறுப்பினரைப் படையைக் கொண்டு விலக்கிய பின் எஞ்சியோர் அமைத்தது. 1660-இல் முடியாட்சி மீண்டும் வந்தது. தலை ஒரு நாளில் விழுந்துவிடும். பணிந்து பழகிய நெஞ்சம் ஒரு நாளில் நிமிர்ந்துவிடுமா?

இன்னொன்றும் சொன்னோம். மன்றமின்றி அவன் ஆண்ட காலத்தில், 1639-இல், ஆங்கிலக் கம்பெனி சென்னையில் இடம் பெற்றது. அங்கு எழுந்த புனித ஜார்ஜ் கோட்டையில்தான் இன்று நம் சட்டமன்றம் கூடுகிறது. மன்றத்தைப் பூட்டிய மன்னன் காலத்து மண்ணில், மக்களின் மன்றம்!

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "ஓரிக்கு ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். அவன் காலத்தில் இம்மலையில் தினை விதைத்தவர் ஒருவரின் பெயராவது தெரியுமா, ஐயா?"

"தெரியாது" என்றோம். அவ்வகுப்பில் நாம் மனமறிந்து அச்சொல்லைச் சொன்னது அதுவே முதல் முறை. அதன் பிறகு உயர்ந்த கைகளை எண்ண முடியவில்லை.