ஜால்ரா

'ஜால்ரா போடுகிறவன்' என்றால் நம்மிடையே மதிப்பு இல்லை. மேலதிகாரி தும்மினாலும் 'ஆகா, என்ன சுருதி!' என்கிறவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் அது. நானும் அந்த வசவைத் தாராளமாக உபயோகித்தவன்தான். ஒரு கிழவர் என் வாயை அடைத்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1986-ஆம் வருஷம், கிறிஸ்துமஸ் சமயம். மீஞ்சூருக்கும் பொன்னேரிக்கும் நடுவே அனுப்பம்பட்டு என்று ஒரு ரயில் நிலையம் உண்டு. அந்த ஊரில் என் நண்பர் ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார். சின்னத் தேவாலயம் ஒன்றில் ஆர்மோனியம் வாசித்துப் பாட்டு நடத்துகிறவர். "டோலக் பையன் அம்மை போட்டுப் படுத்துவிட்டான். நீ மிருதங்கத்தோடு வந்து மானத்தைக் காப்பாற்று" என்று கார்டு எழுதினார்.

எட்டு வருஷம் மிருதங்கம் சொல்லிக்கொண்டவன் நான். அரங்கேறாத வித்துவானுக்குத்தான் கர்வம் அதிகம். பாட்டு ஒன்றும் எனக்கு அந்நியமில்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) காலத்திலிருந்தே தமிழ்க் கிறிஸ்தவர்கள் ராக தாளத்தோடு கீர்த்தனை பாடி வருகிறார்கள். ஆதி தாளம் எந்தக் கூரையின் கீழும் ஆதி தாளம்தானே!

முதல் நாள் மாலை ஆராதனையில் என் பக்கத்தில் ஜால்ராவோடு ஒரு பெரியவர் உட்கார்ந்தார். பழவேற்காட்டு மீனவர். தள்ளாமையால் வலையை விட்டுவிட்டு, அனுப்பம்பட்டில் மகள் வீட்டோடு வந்து தங்கியவர். நான் ஒரு மயிரிழை முன்னே போனால் அவர் ஜால்ரா ஒரு மயிரிழை பின்னே விழும். கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடித்து நிறுத்துவதுபோல் இருந்தது எனக்கு.

மறுநாள், கிறிஸ்துமஸ் இரவு, பாட்டு ஆரம்பிக்கும் முன் சொல்லிவிட்டேன்: "பெரியவரே, தாளத்தைப் பின்னுக்கு இழுக்கிறீர்கள். இன்றைக்குச் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்."

அவர் பதில் பேசவில்லை. ஜால்ராவைத் துண்டில் முடிந்துகொண்டு, கடைசி வரிசைக்குப் போய்விட்டார். நண்பர் முகம் சுருங்கியது. நான் அதைக் கவனிக்காதவன் போல் சுருதி சேர்த்தேன். அன்றைக்குப் பாட்டு பறந்தது. ஜமாய்த்துவிட்டதாகவே ஊர் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து நண்பர் ஒரு காஸெட் அனுப்பினார். இரண்டு நாள் பாட்டையும் பதிவு செய்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தட்டுகளை எண்ணினேன். முதல் நாள், நிமிஷத்துக்கு 72 தட்டில் தொடங்கிய பாட்டு 72-லேயே முடிந்தது. மறுநாள் 72-ல் தொடங்கியது 96-ல் போய் நின்றது! எடுத்த காலப்பிரமாணம் முடிவுவரை மாறக்கூடாது என்பது மிருதங்கத்தில் பாலபாடம். உற்சாகத்தில் என் கை முந்தியிருக்கிறது. அதைக் கேட்டு ஆர்மோனியம் முந்தியிருக்கிறது. அதற்கு ஈடு கொடுக்க நான் இன்னும் முந்தியிருக்கிறேன். இதைவிட இன்னொன்றுதான் என்னை உறுத்தியது. முதல் நாள் பதிவில் முடிவுவரை கேட்ட பாட்டிமார்களின் நடுங்கும் குரல்கள், மறுநாள் மூன்றாவது சரணத்தோடு காணாமல் போயிருந்தன.

பொங்கல் விடுமுறையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறினேன். திண்ணையில் பழைய வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார் பெரியவர். "என்னை மன்னிக்கணும் ஐயா, ஓடினது நான்தான்" என்றேன்.

"ஒக்காருங்க தம்பி" என்றார். கொஞ்ச நேரம் கண்ணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் பிந்தலை. கடைசியிலே ஒக்காந்திருக்காங்களே ஆயாமாருங்க, அவங்க மூச்சைக் கேட்டுத்தான் போடுவேன். பாட்டு ஓடிச்சின்னா அவங்க வாயை மூடிக்குவாங்க. கரைவலை இழுக்கையிலே அம்பா பாடுவோம். வாலிபப் பையன் விசையா இழுப்பான். அவன் வேகத்துக்குப் பாடினா, பின்னாலே நிக்கிற கெழவன் கையைக் கயிறு அறுத்துடும். கெழவன் கைக்குத்தான் பாடணும்."

பிற்காலத்தில் ஒரு விஷயம் படித்தேன். 1665-ல் ஹாலந்து தேசத்து விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ், உடம்பு சரியில்லாமல் அறையில் முடங்கியிருந்தபோது, ஒரே கட்டையில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களைக் கவனித்தார். ஊசல்கள் எதிரெதிராக, ஆனால் கொஞ்சமும் பிசகாமல், சேர்ந்தே ஆடின. ஆட்டத்தைக் கலைத்துவிட்டாலும் அரை மணிக்குள் மறுபடி ஒத்துப்போயின. ஒன்றின் அசைவை மற்றொன்றுக்குக் கொண்டுபோனது அந்தக் கட்டைதான். 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டையில் அதே தேசத்தார் பழவேற்காட்டில் வியாபாரம் நடத்திக்கொண்டிருந்த காலம் அது. படித்ததும் எனக்குக் கிழவர்தான் ஞாபகத்துக்கு வந்தார். எங்கள் பாட்டுக்கு அவரல்லவா கட்டையாக இருந்தார்! அதைத்தானே நான் கழற்றி வைத்தேன்!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவரை மறுபடி பக்கத்தில் உட்காரச் சொல்லி வாசித்தேன். மிருதங்கத்தை அடக்கிக்கொண்டு பின்வரிசைக்குக் காது கொடுத்தேன். கடைசிச் சரணத்திலும் பாட்டிமார் குரல் கேட்டது. எனக்குக் கிடைத்த மன்னிப்பு அதுதான் என்று வைத்துக்கொண்டேன். அவர் வாயால் சொல்லவில்லை.

அதற்கப்புறம் யாரையும் 'ஜால்ரா' என்று வைய எனக்கு நா எழுவதில்லை.