தகட்டுக்கூடு

விசைத்தறிகளின் ஓசை இடையறாது ஒலிக்கும் பொதட்டூர்பேட்டையில் வசிக்கிறவர்களுக்கு அந்த ஓசை பழகிப்போன ஒன்று. ஆனால் தறி மோட்டார்கள் ஓடும்போதும், அவற்றின் சுவிட்சுகளைப் போட்டு அணைக்கும்போதும், மின்கம்பிகளைச் சுற்றிலும் செவிக்குப் புலப்படாத ஒரு சலனம் பரவுகிறதே, அதைக் கேட்டறிய விரும்புகிறவர், எலெக்ட்ரிக் கிதாருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே, பெட்டியில் அடைக்காத ஒரு ஃபஸ் சர்க்யூட்டை இணைத்துப் பார்த்தால் போதும். தந்தியிலிருந்து பிறக்கும் நுண்ணிய மின்னலையைப் பன்மடங்கு பெருக்கி, அதன் முகடுகளை நறுக்கி, கரகரப்பான ஒரு கம்பீரத்தை உண்டாக்குவது ஃபஸ்ஸின் தொழில். வேண்டியது இது, வேண்டாதது இது என்னும் விவேகம் அதற்கு இல்லையாதலால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரமும் சுவிட்சுப் பொறிகளின் படபடப்பும் நாதத்தோடு சேர்ந்து பெருகி வந்துவிடுகின்றன. எங்கள் தெருவில் மாலை வேளையில் வாசித்துப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே, இந்த சர்க்யூட்டை அடைத்துக் காலால் இயக்கும் பெடலின் பெட்டியை வெறும் மேலுறையாகக் கருதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. என் அபிப்பிராயத்தில் அது சர்க்யூட்டின் ஓர் அங்கமே. 1836-ஆம் ஆண்டில் மைக்கேல் ஃபாரடே, 12 அடிச் சதுர அறை ஒன்றை உலோகத்தால் போர்த்து, அதன் புறத்தே மின்னேற்றம் செய்யச் சொல்லி, தாமே உள்ளே நின்று, நுட்பமான கருவிக்கும் அதன் சுவடு எட்டவில்லை என்று நிரூபித்தார். அதே தத்துவந்தான் உள்ளங்கை அகலமுள்ள இந்தப் பெட்டியிலும் வேலை செய்கிறது.

கடையில் கிடைக்கும் வார்ப்புப் பெட்டிகள் உறுதியானவை, மறுப்பதற்கில்லை. ஆயினும் சர்க்யூட்டுக்கு ஏற்ற அளவில் பெட்டி என்னும் சுதந்திரத்தைத் தகடுதான் தருகிறது. 1965-இல் லண்டனில் கேரி ஹர்ஸ்ட் வடிவமைத்த டோன் பெண்டர் என்னும் ஃபஸ்ஸின் ஆரம்பகாலப் பெடல்களிலும் மடித்த தகட்டுப் பெட்டியைக் காணலாம். நம் பிரதேசத்துக்கும் அலுமினியத் தகட்டு வேலை புதிதன்று: 1898 வாக்கில் சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கி நடத்தினார், 1903-இல் அது இந்தியன் அலுமினியம் கம்பெனியின் வசமாயிற்று.

காலால் மிதிபடும் பெடலுக்கு 16 கேஜ் தகடு, அதாவது ஏறக்குறைய 1.6 மில்லிமீட்டர் கனம், போதும். மேற்புறமும் இரு பக்கங்களும் ஒரு துண்டு, அடிப்புறமும் எஞ்சிய இரு பக்கங்களும் ஒரு துண்டு என, இரண்டு ‘ப’ வடிவங்களாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றைக் கவிழ்ப்பது எளிய முறை. ஜாக்குக்கும் வால்யூம் கண்ட்ரோலுக்கும் கால் சுவிட்சுக்கும் உரிய துளைகளை, தகடு தட்டையாக இருக்கும்போதே போட்டுவிடுவது நலம்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் மடிப்புத்தான். மடிக்கும் இடத்தில் தகடு வெடித்துவிடும் என்று தோன்றினால், துணி சோப்பை அந்தக் கோட்டின்மேல் தேய்த்து, மறுபுறத்திலிருந்து தீக்காட்ட வேண்டும். இரும்பைப் போலச் சிவந்து எச்சரிக்கும் சுபாவம் அலுமினியத்துக்குக் கிடையாது. 660 டிகிரியை எட்டியதும், நிறம் மாறாமலே உருகத் தொடங்கிவிடும். சோப்பு பழுப்பேறிக் கறுக்கும் தருணத்தில் தீயை விலக்கி ஆறவிட்டால், உலோகம் மெத்தென்று வளையும் பதத்துக்கு வந்திருக்கும். பிறகு இரண்டு இரும்பு ஆங்கிள்களுக்கு நடுவே தகட்டைச் செருகி, வைஸில் இறுக்கி, மரக் கொட்டாப்புளியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சிறிது சிறிதாகத் தட்டிக்கொண்டே போனால், பிடிவாதமாக நிமிர்ந்து நின்ற தகடு தானாகவே இணங்கி வருவதைக் கை உணர்கிறது. ஓரிடத்திலேயே ஓங்கி அடித்தால் மடிப்பு அலையலையாகிவிடும்.

பெட்டிக்குப் பெயிண்ட் அடிப்பதானால், அது மின்சாரத்தைக் கடத்தாது என்பதை மறக்கக்கூடாது. மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பையும், ஜாக்கின் நட்டு அமரும் இடத்தையும், உலோகம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால், இரண்டு துண்டுகளும் மின்தொடர்பற்ற தனித்தனித் தகடுகளாகவே நிற்கும். இவ்வளவு பிரயாசையும் வீண்.

இவ்விதம் அடைத்த பின்பும் ரீங்காரம் சிறிது எஞ்சும். மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் எழுப்பும் காந்தப்புலத்தை 50 ஹெர்ட்ஸில் இவ்வளவு மெல்லிய அலுமினியம் தடுக்காது. அன்றியும், தந்தியின் அதிர்வை மின்னலையாக்கும் கிதாரின் பிக்கப், இந்தப் பெட்டிக்கு வெளியிலேயே இருக்கிறது. ஒற்றைச் சுருள் பிக்கப் பொருத்திய கிதாராயின், வாசிப்பவர் இப்படியும் அப்படியும் மெல்லத் திரும்பிப் பார்த்து, ரீங்காரம் மிகவும் குறையும் கோணத்தைக் கண்டுபிடித்து, அந்தத் திசையிலேயே நாற்காலியைப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.