நின்று நின்று சென்ற வண்டி

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் நகையை முதற்கண் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கனுள் எள்ளலும் ஒன்று. தாம் பிறரை எள்ளி நகுதலேயன்றி, பிறர் தம்மை எள்ளும்பொழுது தாமும் நகுதலும் எள்ளலின்பாற்படும் என்று உரையாசிரியராகிய பேராசிரியர் விளக்கம் தந்தார். இவ்விரண்டனுள் முன்னது யாவர்க்கும் எளிது, பின்னது அரிது. பழைய மோட்டார் வண்டியும் மருத்துவப் பணியும் ஒருவரிடத்தே வந்து சேருமாயின், அவ்வரிய நகை அவருக்கு நாள்தோறும் வேண்டப்படும்.

புதுச்சேரி நகரம் மருத்துவக் கல்வியில் பழமை வாய்ந்தது. பிரெஞ்சு ஆட்சியில் 1823ஆம் ஆண்டிலேயே அங்கு மருத்துவப் பள்ளி தோன்றிற்று. அதன் வழிவந்ததே 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் ஜிப்மர் என்னும் பெயர் பெற்ற நிலையம். ஆயினும், மருத்துவம் ஓரிடத்தில் இருப்பது வேறு. அது நோயாளியைச் சென்று சேர்வது வேறு. இவ்வேறுபாட்டை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சியொன்று, புதுச்சேரியிலிருந்து சென்னை செல்லும் வழியில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திண்டிவனத்தில் நடந்தது.

ஏறத்தாழ 1890ஆம் ஆண்டு. அவ்வூரில் தொண்டாற்றிய அமெரிக்க மருத்துவர் ஒருவரின் மகள் ஐடா ஸ்கடர், தாயின் உடல்நலம் பேண வந்திருந்தார். ஓர் இரவில் மூவர், ஒருவர்பின் ஒருவராக அவர் இல்லத்து வாயிலில் வந்து நின்றனர். மூவரும் வெவ்வேறு குலமும் சமயமும் சார்ந்தவர். ஆயினும் மூவர்க்கும் துன்பம் ஒன்றே. மூவர் மனைவியரும் மகப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தனர். "மருத்துவரான என் தந்தை வருவார்" என்றார் ஐடா. ஆடவர் வந்து பார்த்தலை வழக்கம் ஒப்பாது என்று மறுத்து மூவரும் திரும்பினர். பொழுது விடிந்தது. மூன்று பெண்களும் இறந்தனர் என்னும் செய்தி வந்தது. மருத்துவம் அந்த வீட்டிலேயே இருந்தது. ஆனால் மூன்று வீடுகளுக்கும் அது சென்று சேரவில்லை. அன்று தாமே மருத்துவராதல் வேண்டுமென உறுதிபூண்ட ஐடா, அமெரிக்கா சென்று கற்று, 1899இல் பட்டம் பெற்றார். 1900இல் வேலூரில் ஒரே படுக்கையுடன் பணி தொடங்கினார். 1902இல் அங்கு 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது.

மருத்துவமனை எழுந்த பின்னரும், சிற்றூர் மக்களுக்கு வேலூர் எட்டாத ஊராகவே இருந்தது. ஆதலின் மருந்துப் பெட்டியுடன் மாட்டுவண்டியில் ஏறி அவரே சிற்றூர்களுக்குச் சென்றார். பின்னர் 1909ஆம் ஆண்டளவில் அவருக்கு ஒரு மோட்டார் வண்டி கிடைத்தது. புதுச்சேரியை அந்நாளில் ஆண்ட பிரெஞ்சியரின் நாட்டில் செய்யப்பட்ட பெஜோ வண்டி அது. அதன் பொறிக்கு உருளை ஒன்றே ஒன்றுதான்.

ஓர் உருளைப் பொறியின் இயல்பை மாணவர்கள் அறிதல் நன்று. உருளைக்குள் பெட்ரோல் ஆவி வெடித்து உந்துதண்டைத் தள்ளுகின்றது. அதன் சுழற்சி இரண்டிற்கு ஒருமுறையே அவ்வெடிப்பு நிகழும். உருளைகள் பல இருந்தால் ஒன்று ஓய்கையில் மற்றொன்று உழைக்கும். ஒன்றே இருந்தாலோ, ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியே காதில் விழும். வண்டி முழுதும் குலுங்கும். மருத்துவர்க்குப் பழக்கமான நோய்க்குறிகள் யாவும் அத்தகைய வண்டியிடம் உண்டு. குளிர்காலத்தில் இருமல்; ஏற்றத்தில் மூச்சிரைப்பு; ஓடும்போது நடுக்கம்; வெயிலில் காய்ச்சல்; நட்டநடுச் சாலையில் திடீர் மயக்கம்! நோயாளியேனும் வலிக்கும் இடத்தைச் சுட்டிக் காட்டுவார். வண்டி அதுவும் செய்யாது.

அதனைத் துயிலெழுப்புவதும் எளிதன்று. முன்புறத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுழற்றுதல் வேண்டும். வெடிப்புச் சிறிது முந்திவிட்டால் கைப்பிடி எதிர்ப்புறமாகத் துள்ளிச் சுழற்றியவரின் மணிக்கட்டை முறித்துவிடும். நோயாளியைத் தேடி மருத்துவர் புறப்படுமுன், வண்டியே வாயிலில் ஒரு நோயாளியை ஆக்கித் தந்துவிடவும் கூடும்! வழியிலோ, காளைகளின் லாடத்திலிருந்து உதிர்ந்த ஆணிகள் டயரை எதிர்நோக்கிக் கிடக்கும். காளை நின்றுவிட்டால் தட்டிக் கொடுக்கலாம், புல்லைக் காட்டலாம், வாலை முறுக்கலாம். மோட்டார் வண்டிக்கோ முறுக்குவதற்கு வாலும் இல்லை. அது நின்றவிடத்து, கடந்துசெல்லும் மாட்டுவண்டிக்காரர் புன்முறுவல் பூப்பது இயல்பேயன்றோ!

ஐடாவின் வண்டியை முதலில் கண்ட சிற்றூர் மக்களோ நகைக்கவில்லை. பேய் வருகின்றதென்று அஞ்சி ஓடினர். ஓடியவர்களைச் சினந்துகொள்ளும் மருத்துவரிடம் பிறகு எவர் வருவர்? இறங்கிச் சென்று, இன்முகம் காட்டி, புண்ணைக் கழுவி, கண்ணுக்கு மருந்திட்டால் அச்சம் மெல்ல அகலும். வேலூரிலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடியாத்தத்திற்கு வாரந்தோறும் அவர் சென்றார். வழியிலுள்ள மரத்தடிகளில் மக்கள் திரண்டு காத்திருக்கலாயினர். அஞ்சி ஓடச் செய்த ஓசையே, மருத்துவர் வருகின்றார் என்னும் நற்செய்தியாயிற்று.

வண்டி நின்றபோது நகைப்பது, காத்திருக்கும் நோயாளியை மறப்பதாகுமோ எனச் சிலர் ஐயுறலாம். அன்று. நோயாளியின் துன்பத்தைக் கண்டு நகைப்பவர் மருத்துவராகார். ஆனால் தம் வண்டியையும், புழுதி படிந்த தம் கோலத்தையும் கண்டு நகைக்கத் தெரிந்தவர், சினத்தில் பொழுதைப் போக்கார். ஆணியைப் பிடுங்கி, டியூபை ஒட்டி, மீண்டும் கைப்பிடியைச் சுழற்றுவார். சிடுசிடுத்த முகத்துடன் வந்து சேரும் மருத்துவரைக் காட்டிலும், நகைமுகத்துடன் காலந்தாழ்ந்து வருபவரிடம் நோயாளி தம் குறையை மனந்திறந்து கூறுவார்.

ஐடா 1918இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி நிறுவினார். அதுவே இன்று பெருங்கல்லூரியாகத் திகழ்கின்றது. அவர் 1960இல் மறைந்தார். 2008ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் 108 என்னும் எண்ணை அழைத்தால் மருத்துவ ஊர்தி வாயிலுக்கே வருகின்றது. இன்றைய ஊர்திகள் விரைவும் வலிமையும் மிக்கவை. ஆயினும் அவையும் ஒருநாள் பழமையடையும். ஒருநாள் வழியில் நிற்கும். அப்பொழுது சுற்றி நிற்போர் நகைக்கவுங்கூடும். அந்நகையில் தாமும் கலந்து, கைகளைத் துடைத்துக்கொண்டு, மருந்துப் பெட்டியைத் தோளில் ஏற்றி எஞ்சிய வழியை நடந்தேனும் கடப்பவரையே, மரத்தடியில் காத்திருக்கும் நோயாளி எதிர்நோக்குகின்றார்.